எல்லாருக்கும் பொதுவான சாவி

"ஏர்போர்ட்டுல எங்க கெஸ்ட் ஒரு தூணோரமா நிக்கிறாரு. அதே தூணுக்கு அந்தப் பக்கம் எங்க டிரைவர் நிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் எஸ்.எம்.எஸ். போயிருந்தா ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிச்சிருப்பாங்க. எங்க சார் அந்த எஸ்.எம்.எஸ்.?"

தொலைபேசியில் பேசியவர் ஜெபகுமார். மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும் ஒரு பெரிய ரிசார்ட்டின் மேலாளர்.

"நெட்வொர்க் பிராப்ளம் சார்," என்றான் சம்பத்.

கம்ப்யூட்டர் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் அவன் கற்றுக்கொண்ட வாக்கியம் அது. அதற்குப் பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் அவசியம் அவனுக்கு ஏற்படவில்லை.

"அதே நெட்வொர்க்லதான் சார் கெஸ்ட் என்னை அரை மணி நேரமா திட்டிட்டிருக்காரு. ரொம்பத் தெளிவா கேக்குது. இந்த வாரம் சரியாகலைன்னா நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்."

சம்பத் ரிசீவரை வைத்தான்.

அது 2008ஆம் வருடம், ஜூன் மாதம். ஓட்டல்களுக்கு அறை பதிவு செய்யவும் விருந்தினருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவும் புரோகிராம் எழுதித் தரும் அந்தக் கம்பெனி, ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. முதலாளி ஜானகிராமன் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த நெல் வயலை மனை போட்டு விற்றவர். கையில் பணம் இருந்தது, எல்லாரும் கம்ப்யூட்டர் என்றார்கள், இவரும் ஆரம்பித்துவிட்டார். மாவு மில்லைப் போலத்தான் அவர் இதையும் பார்த்தார். சத்தம் வந்தால் ஓடுகிறது, சத்தம் இல்லையென்றால் யாரோ சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

சம்பத் அங்கே பிராஜெக்ட் லீடர். அவனுக்குக் கீழே ஒன்றரை ஆள். ஒரு ஆள் ஜோதிலட்சுமி, புரோகிராம் எழுதுகிறவள். அரை ஆள் ஜெகதாம்பாள், கணக்கெழுதுகிறவர். போன் அடித்தால் எடுப்பார் என்பதால் அவரையும் அவன் தன் அணியில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

ரிசார்ட் போய்விட்டால் கம்பெனியில் பிராஜெக்ட் லீடர் நடத்திச் செல்லப் பெரிதாக எந்தப் பிராஜெக்ட்டும் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அணுபுரத்திலிருந்து தீனதயாளன் வருகிறார். அணுமின் நிலையத்தில் விஞ்ஞானி. அவருடைய மகள் பிரதீபாவைச் சம்பத் பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், விஷயம் தீனதயாளனிடம் வந்து நின்றுகொண்டிருந்தது. தனியார் வேலை என்றால் அவருக்கு வாடகைச் சைக்கிள் மாதிரி. "நேர்ல வந்து ஆபீஸைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்று சொல்லியிருந்தார். அவர் வரும் நாளில் ஆபீஸ் இருக்க வேண்டும், அதில் சம்பத் இருக்க வேண்டும்.

சம்பத் எஸ்.எம்.எஸ். கணக்கைத் திறந்து பார்த்தான். ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. அன்றைய வரம்பு காலையிலேயே தீர்ந்திருந்தது. தீர்த்தது யார் என்று பார்த்தான். நூற்றுக்கணக்கான செய்திகள். எல்லாம் ஒரே வாசகம்.

'இன்று உங்கள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. தலைமை ஆசிரியை, நித்திலம் மெட்ரிக் பள்ளி, கடப்பாக்கம்.'

"திருட்டு!" என்று கத்தினான் சம்பத். "நம்ம கணக்குல எவனோ பூந்துட்டான்!"

ஜானகிராமன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இன்னாப்பா? எவன் பூந்தான்?"

"ஒரு ஸ்கூல் சார். நம்ம சாவிய எடுத்து அவங்க மெசேஜ் அனுப்பறாங்க."

"எந்தச் சாவி? பீரோ சாவியா? அது என் இடுப்புல கீதே."

சம்பத் விளக்கினான். எஸ்.எம்.எஸ். அனுப்பித்தருகிற ஒரு கம்பெனி இருக்கிறது. அனுப்பச் சொல்வது யார் என்று அதற்குத் தெரிய ஒரு சாவி வேண்டும். இரும்புச் சாவி அல்ல, எழுத்தும் எண்ணுமாக நீளும் ஒரு வரி. அந்த வரியை யார் காட்டினாலும் அவர்தான் கணக்குக்குச் சொந்தக்காரர் என்று அங்கிருக்கும் கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

"அவ்ளோ மதிப்பான சாவிய எங்கப்பா வெச்சிகினு இருந்த?"

ஜோதிலட்சுமி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"காமன் ஃபோல்டர்ல சார். செட்டிங்ஸ் ஃபைல்ல. எல்லா ஓட்டல் புரோகிராமும் நெட்டுல வந்து அந்த ஒரே ஃபைலத்தான் படிக்குது. புதுசா கஸ்டமர் வந்தா, இருக்கட்டும்னு சிடில ஒரு காப்பியும் எழுதிக் குடுத்துடுவோம். கணக்குக்குள்ள போற பாஸ்வேர்டும் அதுலதான் கீது."

"வசதியா இருக்கட்டும்னு வெச்சேன்," என்றான் சம்பத்.

"ரொம்ப வசதி சார். கடப்பாக்கம் வரைக்கும் வசதி. போன வருஷமே சொன்னேன், சாவிய மட்டும் அதுலேர்ந்து எடுத்துடுங்கன்னு. இன்னா சொன்னீங்க? நாம எல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னீங்க."

சம்பத் அப்படித்தான் சொல்லியிருந்தான். காரணம் குடும்பப் பாசம் அல்ல. அவன் புதிதாக எதையும் எழுதுவதில்லை. பழைய கம்பெனியில் செய்த வேலையை அப்படியே எடுப்பான், பெயரை மாற்றுவான், நீலத்தைப் பச்சையாக்குவான், அடுத்த கஸ்டமருக்குக் கொடுப்பான். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் அனுபவம். உள்ளே இருக்கிற ஒரு வரியைத் தொட்டால் எது ஓடும், எது நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

இருந்தாலும் அன்று தொட்டான். சாவி இருந்த வரியை அழித்தான். "இனிமே எவன் எடுப்பான் பாக்கலாம்," என்றான்.

எவனும் எடுக்கவில்லை. ஓட்டல்களாலும் எடுக்க முடியவில்லை. அந்தக் கோப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த எல்லாப் புரோகிராம்களும் ஒரே நேரத்தில் நின்றன. மாமல்லபுரத்தில் அறை கேட்டவர்களுக்கு அறை கிடைத்ததா இல்லையா என்று கடவுளுக்கும் தெரியவில்லை. ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றதாக ஜெபகுமார் போன் செய்தார். பள்ளிச் செய்திகள் மட்டும் வழக்கம்போல் போயின. திருடனிடம் சொந்தப் பிரதி இருந்தது.

"வூட்டப் பூட்டிகினு நாம வெளிய நிக்கறோம், திருடன் உள்ள நாஸ்தா துன்றான்," என்றார் ஜானகிராமன். "இன்னா ஏற்பாடுப்பா இது?"

சம்பத் யோசித்தான். பிறகு கணக்குக்குள் போய்ச் சாவியையே மாற்றினான். பாஸ்வேர்டையும் மாற்றினான். பழைய சாவி செத்தது. பள்ளிச் செய்தி பாதியில் நின்றது. அறையில் எழுந்து நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"புதுச் சாவிய எங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

"அதே ஃபைல்லதான். ஆனா மேல ஒரு வரி எழுதிடப் போறேன். 'இதற்குக் கீழே யாரும் பார்க்கக் கூடாது.'"

ஜோதிலட்சுமி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முதலில் நினைத்தான்.

"சார், அவங்கவங்க மெஷின்ல தனித்தனியா வெப்போம். பொது ஃபைல்ல 'சாவி இங்கே இல்லை'ன்னு மட்டும் இருக்கட்டும். அவ்ளோதான் சார் வேல. நானே செஞ்சிடறேன்."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நானும் அதையேதான் யோசிச்சேன்," என்றான் சம்பத். அவனுக்கு இயல்பாகவே வரும் ஒரே கண்டுபிடிப்பு முறை அது.

தனித்தனியாக வைக்க வேண்டுமென்றால் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் எழுதினான். தலைப்பு: 'மிக மிக ரகசியம்.' கீழே சாவி. அதற்குக் கீழே சிவப்பில், 'படித்தவுடன் அழிக்கவும்.' பெறுநர் இடத்தில் 'ஆல்' என்று தட்டினான். பட்டியல் தானாக வந்து உட்கார்ந்தது. அனுப்பினான்.

'ஆல்' என்றால் ஆபீஸ் மட்டுமல்ல. தீபாவளி வாழ்த்து அனுப்புவதற்காக அவனே செய்து வைத்த பட்டியல் அது. எல்லாக் கஸ்டமரும் அதில் இருந்தார்கள். கோவளத்தில் ஜெபகுமாரின் ரிசார்ட்டுக்குப் போட்டியாக இருந்த ஓட்டல்காரரும் இருந்தார்.

முதல் பதில் அவரிடமிருந்துதான் வந்தது. எல்லாருக்கும் போட்டு எழுதியிருந்தார். 'கிடைத்தது, நன்றி. இலவசம் என்று எடுத்துக்கொள்ளலாமா?'

புதன்கிழமை மறுபடியும் சாவி மாறியது.

இம்முறை எழுதுவதே இல்லை என்று முடிவு செய்தான் சம்பத். வாயால் சொல்வான், காதால் கேட்பார்கள், கையால் போட்டுக்கொள்வார்கள், முடிந்தது. ரிசார்ட்டின் ரிசப்ஷனுக்குப் போன் செய்தான். மாடியில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. கீழே இறங்கிப் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு ஆரம்பித்தான்.

"எழுதிக்கோங்க. பி. பி ஃபார் பாம்பே. இல்ல, டி இல்ல. பாம்பே. ஏழு. மறுபடியும் ஏழு. கே ஃபார்... கே ஃபார்..."

"காஞ்சிபுரம்," என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"கே ஃபார் காஞ்சிபுரம். அடுத்து எம். எம் ஃபார் மெட்ராஸ்."

"இப்ப சென்னைப்பா அது," என்றார் இன்னொருவர். "சி போட்டுடப் போறாங்க, பாத்து."

சாவி முடிந்தபோது பேக்கரி வாசலில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. சரிபார்க்கத் திரும்பச் சொல்லும்போது கடைசி நான்கு எழுத்துகளில் சம்பத் தடுமாறினான், டீ குடித்தவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் ஜெபகுமார் கூப்பிட்டார். குரலில் முதல்முறையாகச் சந்தோஷம்.

"வேலை செய்யுது சார். எங்க பொண்ணு சாவிய மறந்துடக் கூடாதுன்னு கவுன்டர்ல போர்டுல எழுதி வெச்சிருக்கு. கடற்கரைக் கோவில் எத்தனை மணிக்குத் திறக்கும்னு எழுதியிருக்கோம் பாருங்க, அதுக்குக் கீழ. பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் போட்டோகூட எடுத்துட்டுப் போறாரு."

சம்பத் நாற்காலியில் சரிந்தான்.

"மறுபடியும் மாத்தணுமா சார்?" என்றாள் ஜோதிலட்சுமி. "பேக்கரில சொல்லிடட்டுமா? கேக்கறதுக்கு ஆளுங்க வெயிட் பண்ணிகினு இருப்பாங்க."

"உனக்கு எல்லாம் விளையாட்டா போச்சு. திருடன விட்டுட்டு நாம ஏன் ஓடணும்? திருடன ஓட வைக்கணும்."

வியாழக்கிழமை காலையில் அவன் ஒரு செய்தி தயாரித்தான். சட்டம் தெரிந்தவன் எழுதியது மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு முறை திருத்தினான்.

'திருட்டுக் கணக்கிலிருந்து உங்களுக்குச் செய்தி வந்துள்ளது. உங்கள் எண் போலீசிடம் கொடுக்கப்படுகிறது. விசாரணைக்குத் தயாராக இருக்கவும்.'

பள்ளிச் செய்தி யார் யாருக்குப் போயிருந்ததோ அத்தனை எண்களுக்கும் அனுப்பினான். திருடனின் கூட்டாளிகள் நடுங்கட்டும் என்று நினைத்தான். அந்தக் கூட்டாளிகள் கடப்பாக்கத்தில் வலை இழுத்துக்கொண்டும் மீன் விற்றுக்கொண்டும் இருந்த பெற்றோர்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதற்காகப் போலீஸ் வருகிறது என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒருவர் சிம் கார்டைக் கழற்றிக் கடலில் எறிந்தார். நான்கைந்து பேர் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

அன்றைய வரம்பும் அந்தச் செய்தியோடு தீர்ந்தது. பத்து மணிக்கு மேல் ரிசார்ட்டிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகவில்லை.

"சார், நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான்," என்றார் ஜெபகுமார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "திருடன் திருடன்னு சொல்றீங்களே, அது யாருன்னு ஆதாரத்தோட காட்டுங்க. இல்லன்னா உங்க கணக்க முடிச்சுக்கறேன்."

ஜானகிராமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சம்பத்து, நாளைக்கு உன் மாமனார் வராரு. நான் அவராண்ட உன்ன டைரக்டராக்கப் போறேன்னு சொல்றதா, இல்ல வேற வேல தேடச் சொன்னேன்னு சொல்றதா? நீயே சொல்லு, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை தீனதயாளன் சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் ஒரே கோட்டில் வைத்தார். உள்ளே வந்ததும் தீயணைப்பான் எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த சிவப்பு உருளையை ஜெகதாம்பாள் காட்டினார்.

"எங்க பிளான்ட்டுல ஒரு ரூம் சாவி எடுக்கணும்னா ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும் தம்பி," என்றார் தீனதயாளன். "உங்க இடத்துல சாவி காணாமப் போச்சாமே, கீழ பேக்கரியில பேசிக்கிறாங்க?"

சம்பத் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல்.

"இங்க சம்பத் சார்னு..."

நடுத்தர வயதுப் பெண். கஞ்சிபோட்ட காட்டன் சேலை, பெரிய கைப்பை, பஸ்ஸில் வந்த களைப்பு. பெயர் ரெபேக்காள் என்றார். நித்திலம் பள்ளியின் தலைமை ஆசிரியை.

சம்பத்தின் முதுகு நிமிர்ந்தது. தேடிப் போக வேண்டிய திருடன் பஸ் பிடித்து ஆபீஸ் தேடி வந்தாயிற்று. அதுவும் மாமனார் முன்னால்.

"உக்காருங்க," என்றான். தான் உட்காரவில்லை.

"சார், ஊரே எங்க கேட்டுல நிக்குது," என்றார் ரெபேக்காள். "போலீஸ்னு ஏதோ மெசேஜ் வந்துச்சாம். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எங்க மெசேஜும் போகல. எஸ்.எம்.எஸ். கம்பெனிக்குப் போன் போட்டா, இந்த அட்ரஸ்லேர்ந்து சம்பத்னு ஒருத்தர்தான் எல்லாம் மாத்தியிருக்காருன்னு சொல்றாங்க."

"ஆமா. நான்தான் நிறுத்தினேன். மேடம், நீங்க இத்தனை நாளா உபயோகிச்சது எங்க சாவி. அது குற்றம்னு தெரியுமா உங்களுக்கு?"

ரெபேக்காளின் முகம் வெளுத்தது. பிள்ளைகளைப் பல வருடங்களாக அதட்டியவர்தான். ஆனால் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு முன்னால் அவரும் கடைசி பெஞ்சுதான்.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். கரஸ்பாண்டன்ட் ஐயாதான் எல்லாம் ஏற்பாடு பண்ணாரு. அவரு வேளாங்கண்ணி போயிருக்காரு. எவனோ ஒரு கம்ப்யூட்டர் பையன் வந்து போட்டுக் குடுத்தான்னு மட்டும் தெரியும்."

"அவன்தான் மேடம் திருடன். எங்கிருந்தோ எங்க சாவிய எடுத்து உங்க தலையில கட்டிட்டுப் போயிருக்கான். இந்த லைன்ல இப்படி நிறையப் பேர் இருக்கானுங்க. சொந்தமா ஒரு வரி எழுதத் தெரியாது. அடுத்தவன் ஃபைல காப்பி அடிச்சே பொழைப்பானுங்க."

ஜோதிலட்சுமிக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

தீனதயாளன் தலையை ஆட்டினார். "நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க தம்பி. மூலத்துக்கே போயிட்டீங்க."

"எனக்குக் கொஞ்சம் அனுபவம் சார்," என்றான் சம்பத் அடக்கமாக.

ரெபேக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வந்துடும் சார். நான் வேணா மன்னிப்பு எழுதிக் குடுத்துடறேன். போலீஸ் மட்டும் வேண்டாம்."

சம்பத் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அழகான கையெழுத்து. 'நாங்கள் அறியாமல் தங்கள் நிறுவனத்தின் சாவியைப் பயன்படுத்திவிட்டோம்' என்று எழுதும்போது, "'அறியாமல்' வேண்டாமே, 'முறைகேடாக'ன்னு போடுங்க," என்றான் சம்பத். அவர் அடித்துவிட்டுத் திருத்தினார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டே ஜெபகுமாருக்குப் போன் செய்தான்.

"திருடன புடிச்சாச்சு சார். ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல இருக்கு."

"அப்படியா! அப்ப சரி சார், நீங்களே தொடருங்க," என்றார் ஜெபகுமார். "போர்டுல எழுதினத மட்டும் அழிச்சுடச் சொல்றேன்."

ஜானகிராமன் வந்து சம்பத்தின் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் தீனதயாளனுக்குத் தெரியும்படி இருந்தது.

"நம்ம பையன் சார். டெக்னிக்கல் டைரக்டர். வர்ற மாசத்துலேர்ந்து."

"எனக்குத் திருப்தி," என்றார் தீனதயாளன். "ஆவணியில நல்ல நாள் இருக்கான்னு பாத்துடலாம். நேர்மையான இடமா இருக்கணும்னுதான் நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சம்பத்துக்கு ஊரப்பாக்கம் ரயில் ஹாரன்கூட நாதஸ்வரமாகக் கேட்டது.

ரெபேக்காள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜானகிராமன் கையைக் காட்டி நிறுத்தினார். நிலம் விற்ற காலத்திலிருந்தே, முடிந்த பேச்சிலும் கடைசியாக ஒரு முழம் கேட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

"போலீஸு கேஸெல்லாம் வாணாம் டீச்சரம்மா, பேஜாரு. ஆனா எங்க டப்புல இத்தினி நாளா மெசேஜ் உட்டுகினு இருந்தீங்களே, அதுல பாதியாச்சும் குடுத்துடணும். அதான் நாயம்."

"நியாயம்தான்," என்றார் தீனதயாளன்.

"குடுத்துடறோம் சார்," என்றார் ரெபேக்காள் தரையைப் பார்த்து.

ஜானகிராமன் மூலை மேசைப் பக்கம் திரும்பினார். "ஜெகதாம்பா, அந்த எஸ்.எம்.எஸ். கம்பெனிக்கு நாம மாசா மாசம் எவ்ளோமா கட்டறோம்?"

ஜெகதாம்பாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாம எங்க சார் கட்டறோம்? சம்பத் சார் பழைய கம்பெனிய உட்டு வரும்போதே, அங்க அவரு போட்டுக் குடுத்த கடப்பாக்கத்து ஸ்கூலு கணக்கக் கையோட கொண்டாந்துட்டாரு, டப்பு அவங்களே கட்டறாங்கன்னு இல்ல நான் நெனச்சிகினு கீறேன்!"